பித்தநீர்க் கணக்கு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு இங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். மேட்டூர் திறந்தாயிற்று என்ற செய்தி வந்து நாலைந்து நாள் கழித்து ஊரில் யாராவது ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய், மதகுச் சுவரில் கோடு போட்டு எழுதியிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு வருவார். டீக்கடையில் வந்து அவர் சொல்வது அளவை மட்டுமல்ல. "இந்த வருஷம் குறுவை தேறிடும்" என்றோ, "நாத்து விட வேணாம், பேசாம சம்பாவுக்குப் போயிடு" என்றோ தீர்ப்பும் சேர்ந்து வரும். அவர் ஒரு வயலிலும் இறங்கிப் பார்த்தவரில்லை. சுவரில் ஒரு எண், அணையில் ஒரு எண், வாய்க்கால் தூர் வாரினார்களா இல்லையா என்ற சேதி, இவ்வளவுதான் கையிருப்பு. பெரும்பாலும் அவர் சொன்னது நடக்கும். சில வருஷம் மானாவாரியாகப் பொய்க்கும்.

ஈரல் நோய் மருத்துவர்களும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது, என் பெரியம்மாவுக்கு அரிப்பு வந்த பிறகு.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ராத்திரி ஆனால் அரிப்பு. சோப்பை மாற்றினார். வேப்பிலை அரைத்துப் பூசினார். கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினார். தோலில் ஒரு தடிப்பும் இல்லை, சீப்பால் சொறிந்த கோடுகள்தான் இருந்தன. ஒன்றரை வருஷம் தோல் மருந்து சாப்பிட்ட பிறகு தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 412 என்று வந்தது. இருக்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு. இன்னொரு பரிசோதனையில் நோயின் பெயர் கிடைத்தது: பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ். சுருக்கமாக பி.பி.சி. "லண்டன் ரேடியோவா?" என்று கேட்டார் பெரியம்மா.

ஈரல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பித்தநீர் சுரக்கிறது. சுரக்கிற இடம் ஈரல் செல்களுக்கு நடுவில் இருக்கும் மிகச் சிறிய ஓடைகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, அந்த அகலம். அவை கூடிச் சிறு நாளங்கள், அவை கூடிப் பெரு நாளங்கள், வலமும் இடமுமாக இரண்டு, கடைசியில் ஒரே குழாயாகக் குடலுக்குள் இறங்கும். நம் பக்கத்து ஆறு பிரிந்து பிரிந்து வாய்க்காலாகும். பித்தநாளம் சேர்ந்து சேர்ந்து ஆறாகும். காவிரி டெல்டாவின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஈரலின் பித்தநாள மரம்தான். ஆகவே அதைப் பாசன வாய்க்காலாக நினைக்கக் கூடாது, அது வடிகால். இந்த வித்தியாசம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத வயல் காயும், அவ்வளவுதான். வடியாத வயல் அழுகும். கார்த்திகை மழையில் வெங்காயத் தாமரை அடைத்த வடிகாலுக்கு மேல்புறம் சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு, பித்தம் தேங்கிய ஈரல் என்ன ஆகும் என்றும் தெரிந்துவிடும்.

பித்தம் சோப்பு மாதிரி. குடலில் கொழுப்பைக் கரைப்பதற்கு அதுதான் வேண்டும். அதே சோப்பு ஈரலுக்குள்ளேயே தேங்கினால் ஈரல் செல்களின் சவ்வைக் கரைக்கும். செல் சாகும், அந்த இடத்தில் தழும்பு விழும், தழும்பு பரவி ஈரல் கல்லாகும். பெரியம்மாவுக்கு வந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு நாளங்களைத் தின்றுவிடுகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல். இன்னொரு நோயில் பெரிய நாளங்கள் அங்கங்கே சுருங்கி, நடுவில் புடைத்து, எக்ஸ்ரேயில் மணிமாலை போலத் தெரியும். மூன்றாவதைப் பின்னால் சொல்கிறேன். அது பிறந்த குழந்தைகளுக்கு வருவது.

பெரியம்மாவின் ரத்தத்தில் பிலிரூபின் 0.9 இருந்தது. மஞ்சள் காமாலைக்குக் காரணமான நிறமி அது, 1.2 வரை இருக்கலாம், சரியான அளவுதான். கண்ணில் மஞ்சள் தெரிய மூன்றைத் தொட வேண்டும். (காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறோம். காமாலைக்காரர்களுக்கு உலகம் அப்படித் தெரிவதில்லை. நமக்குத்தான் அவர்கள் மஞ்சளாகத் தெரிகிறார்கள்.) நாளங்கள் அழிந்துகொண்டிருக்கும்போது பிலிரூபின் ஏன் ஏறவில்லை? ஈரலில் உபரி நிறைய. பத்து வடிகாலில் நாலு அடைத்தாலும் மிச்சம் ஆறு சமாளித்துவிடும். அந்தச் சமாளிப்பு பத்து, பதினைந்து வருஷம்கூட ஓடும். ஒரு கட்டத்தில் முடியாமல் போகும். அப்போது பிலிரூபின் ஏறத் தொடங்கினால் இறங்காது.

இதை எண்ணாகச் சொன்னவர்கள் 1979இல் எழுதிய மூன்று மருத்துவர்கள்: ஷப்பிரோ, ஸ்மித், ஷாஃப்னர். அன்றைக்கு இந்த நோய்க்கு உருப்படியான மருந்து இல்லை. நோயாளிகளின் பழைய பிலிரூபின் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். பிலிரூபின் 2ஐத் தாண்டி அங்கேயே நின்றவர்கள் அதிலிருந்து சராசரியாக 49 மாதம் இருந்தார்கள். 6ஐத் தாண்டியவர்கள் 25 மாதம். 10ஐத் தாண்டியவர்கள் 17 மாதம். வயிற்றைத் திறக்காமல், ஊசி குத்தி ஈரலில் சதை எடுக்காமல், ஒரு மஞ்சள் நிறமியை வைத்துக் காலத்தை அளக்கலாம் என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

ஊசி குத்தி எடுக்கும் சதை ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்துவிட்டுத் தஞ்சை ஜில்லா முழுதும் இப்படித்தான் என்று சொல்வதுபோல. ரத்தம் அப்படியல்ல, ஈரலின் எல்லா மூலையையும் தொட்டுவிட்டு வந்து கலந்தது. மதகுச் சுவரின் அளவு அந்த ரகம். மேலே ஐம்பது இடத்தில் நடப்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு கோட்டில் தெரிகிறது.

அடுத்த பெரிய அடி ஒரு தோல்வியிலிருந்து வந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. பித்தம் வெளியேறாவிட்டால் செம்பும் வெளியேறாது, ஈரலில் படிந்துகொண்டே போகும். செம்பை இழுத்து வெளியேற்றும் டி-பெனிசிலமின் என்ற மருந்து கொடுத்தால் நோய் நிற்குமா என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1974 முதல் 1984 வரை சோதித்தார்கள். 312 நோயாளிகள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்தால் ஒரு பயனும் இல்லை. பத்து வருஷ உழைப்பு வீண் என்று மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் அந்த 312 பேரைப் பற்றியும் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார்கள்: சேரும்போது வயது, பிலிரூபின், ஆல்புமின், காலில் வீக்கம் உண்டா, பிறகு எத்தனை நாள் இருந்தார். சோதனையில் சேராமல் பார்த்துக்கொள்ள மட்டும் ஒப்புக்கொண்ட 106 பேரின் விவரமும் இருந்தது. மொத்தம் 418 பேர். அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் 1989இல் ராலண்ட் டிக்ஸனும் கூட்டாளிகளும் மேயோ மதிப்பெண்ணை எடுத்தார்கள்.

எடுப்பதில் ஒரு சிக்கல். கணக்கை முடித்த அன்று 418 பேரில் 161 பேர் இறந்திருந்தார்கள். 25 பேருக்கு மாற்று ஈரல் வைத்தாகிவிட்டது. மிச்சம் 232 பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது கடைசியாகப் பார்த்தவரை இருந்தார்கள். முடிவு தெரியாத இவர்களை என்ன செய்வது?

மார்கழி மாசம் ஒருவர் நீடாமங்கலம் பக்கம் வந்து, நெல் எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்று கணக்கெடுக்கிறார் என்று வையுங்கள். அறுத்து முடித்தவர்களை மட்டும் கேட்டால், குறுவைக்காரர்கள்தான் பதில் சொல்வார்கள்: நூற்றுப் பத்து நாள். சம்பா இன்னும் வயலில் நிற்கிறது. அதற்கு நூற்றைம்பதுக்கு மேல் ஆகும். நிற்கிற பயிரை விட்டுவிட்டால் நெல்லின் ஆயுளே நூற்றுப் பத்து நாள் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். சரி, நிற்கிற பயிருக்கு முடிவு தெரியாதே என்றால், ஒன்று தெரியும்: அது நூற்றிருபது நாள் தாண்டி நிற்கிறது. அந்த அரைகுறைத் தகவலும் தகவல்தான். அதை வீணாக்காமல் கணக்கில் சேர்க்கும் வழியை 1958இல் கேப்லனும் மேயரும் சொன்னார்கள். 1972இல் இங்கிலாந்தின் டேவிட் காக்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஒவ்வொரு மரணத்தின்போதும் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த நாளில் இன்னும் நின்றுகொண்டிருந்த இத்தனை பேரில் ஏன் இவர்? இவரிடம் என்ன கூடுதல், என்ன குறைவு? ஒவ்வொரு சாவிலும் இதே கேள்வியைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டே போனால், எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பது தானாகத் திரண்டுவரும்.

மேயோவில் திரண்டுவந்தவை ஐந்தே ஐந்து: வயது, பிலிரூபின், ஆல்புமின், ரத்தம் உறைய ஆகும் நேரம், கால் வீக்கம். நீடாமங்கலத்தில் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே எடுத்துவிடலாம். ஐந்தாவதுக்கு அதுவும் வேண்டாம், கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் பிலிரூபினை அப்படியே போடுவதில்லை, மடக்கையாக்கிப் போடுகிறார்கள். அதாவது எத்தனை கூடியது என்பது கணக்கில்லை, எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. 1 இருந்தது 2 ஆவதும், 5 இருந்தது 10 ஆவதும் ஒரே எடை. சூத்திரத்தில் இருக்கும் எண்களை வைத்து நானே பெருக்கிப் பார்த்தேன். பிலிரூபின் இரட்டிப்பானால் நோயாளிக்குச் சுமார் பதினைந்து வயது கூடியதற்குச் சமம். நீர் பிரியும் மாத்திரை கொடுத்தும் வடியாத கால் வீக்கம் இருபத்திரண்டு வயதுக்குச் சமம்! ரத்தச் சீட்டையே பார்க்காமல் காலைத் தொட்டுப் பார்த்த பழைய வைத்தியர்கள் அப்படியொன்றும் தவறாகப் பார்க்கவில்லை.

ஆல்புமின் ஈரல் செய்யும் புரதம். ரத்தத்தில் அதில் பாதி மாற மூன்று வாரம் ஆகும். உறைதலுக்கு வேண்டிய புரதங்களில் ஒன்று சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அதனால் ஆல்புமின் சொல்வது கடந்த ஒரு மாதத்தின் கதை, உறையும் நேரம் சொல்வது நேற்றைய கதை. அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதும், இன்றைக்கு ஷட்டரில் எத்தனை கன அடி போகிறது என்பதும் வேறு வேறு சேதிதானே. இரண்டும் வேண்டும்.

பித்தநாள நோயில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உறைதல் புரதங்களைச் செய்ய ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அது கொழுப்பில் கரைவது. குடலில் பித்தம் இல்லாவிட்டால் உடம்பில் சேராது. ஈரல் நன்றாக இருந்தும், சாமான் இல்லாமல் சமையல் நிற்கும். ரத்தம் உறைய நேரமாகும், மதிப்பெண் பயமுறுத்தும். வைட்டமின் கே ஊசி போட்டுவிட்டு மறுபடி பார்த்தால் சரியாகிவிடும். ஊசிக்கும் சரியாகாவிட்டால்தான் ஈரலைக் குறைசொல்ல வேண்டும். இது தெரியாமல் முதல் சீட்டைப் பார்த்துக் கலங்கிய குடும்பங்கள் எத்தனையோ.

அந்த 418 பேரின் பட்டியல், பெயர் இல்லாமல், இன்று யாருக்கும் இலவசம். 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளை இறக்கினால் அதற்குள்ளேயே வந்துவிடும். தமிழ்நாட்டில் கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள், நோயின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல், இந்தப் பட்டியலில்தான் ஆயுள் கணக்குப் போட்டுப் பழகுகிறார்கள். நானும் ஒருநாள் திறந்து பார்த்தேன்.

முதல் வரியில் ஒரு பெண். வயது 58, பெரியம்மாவின் வயது. பிலிரூபின் 14.5. ஆல்புமின் 2.6. கால் வீக்கம் உண்டு. 400ஆவது நாள் இறந்தார். இரண்டாவது வரியிலும் ஒரு பெண். வயது 56, பிலிரூபின் 1.1, ஆல்புமின் 4.14, வீக்கம் இல்லை. 4500ஆவது நாளில், அதாவது பன்னிரண்டு வருஷம் கழித்து, உயிரோடு இருக்கிறார். மதிப்பெண் போட்டேன். முதலாமவருக்கு 9.0, இரண்டாமவருக்கு 4.3. காக்ஸின் கணக்கில் இந்த வித்தியாசம், ஒவ்வொரு நாளும் முதல் பெண்ணின் தலைக்கு மேல் நூறு மடங்குக்கும் அதிகமான ஆபத்து என்று பொருள். சபாஷ் என்று தோன்றியது.

ஆறாவது வரிக்குப் போனேன். அதுவும் பெண். வயது 66. பிலிரூபின் 0.8, இரண்டாமவரைவிடக் குறைவு. ஆல்புமின் 3.98, நன்றாகவே இருக்கிறது. வீக்கம் இல்லை. மதிப்பெண் 4.6. இரண்டாமவருக்கும் இவருக்கும் வித்தியாசம் நூல் அளவு. 2503ஆவது நாள், ஏழு வருஷம் முடிவதற்குள், இறந்துவிட்டார்.

என்ன நடந்தது என்று பட்டியல் சொல்லவில்லை. சூத்திரம் தவறா? இல்லை. 4.5 மதிப்பெண் உள்ள நூறு பேரைக் கூட்டி வைத்தால் ஏழாவது வருஷத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அது ஓரளவு சரியாகவே சொல்லும். இருக்கப்போவது யார், இல்லாமல் போவது யார் என்று அதனிடம் கேட்கக் கூடாது. அணையில் 120 அடி தண்ணீர் நின்ற வருஷத்திலும் கடைமடையில் நாலு வயல் காய்ந்ததுண்டு. மேட்டூர் மட்டம் பொய் சொல்லவில்லை, அந்த நாலு வயலைப் பற்றி அது பேசவே இல்லை. சோதிடரிடம் போனால் உங்கள் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்வார். அதனால்தான் அவருக்குக் கூட்டம் அதிகம்.

மற்ற மதிப்பெண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி வார்டுகளில் தினமும் புழங்குவது சைல்ட்-பியூ கணக்கு. குடியால் ஈரல் கெட்டு வயிறு வீங்கி வருபவர்கள்தான் அங்கே அதிகம். 1964இல் சைல்ட், டர்காட் என்ற இரு அறுவைச் சிகிச்சையாளர்கள் கைக்கணக்காக வகுத்ததை, 1973இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பியூ திருத்தினார். 'ஆள் எப்படி இருக்கிறார், ஊட்டம் உண்டா' என்ற ஒன்றை எடுத்துவிட்டு, உறையும் நேரத்தைப் போட்டார். 5 முதல் 15 வரை கூட்டி ஏ, பி, சி என்று வகுப்பு. நோயாளிகளுக்கே இது தெரியும். "எனக்கு பி-தான் சார்" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். குடியை அடியோடு நிறுத்தினால் சி-யிலிருந்து பி-க்கு, ஏ-க்குக்கூட ஏறி வருகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்துவாரா என்பதற்குச் சூத்திரத்தில் இடமில்லை.

2000ஆம் ஆண்டு மேயோவிலிருந்தே இன்னொன்று வந்தது, மெல்ட். பாட்ரிக் காமத்தும் மாலின்சாக்கும் 231 நோயாளிகளை வைத்துச் செய்தது. பிலிரூபின், உறைதல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் என்று மூன்று எண்கள்தான். 2002 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் மாற்று ஈரலுக்கான வரிசையே இதன்படி நின்றது. முன்பு எவ்வளவு காலம் வரிசையில் காத்திருந்தார் என்பதற்குப் பெரிய எடை இருந்தது. இதன் பிறகு யார் சீக்கிரம் செத்துப்போவாரோ அவர் முதலில். மதிப்பெண் 40 என்றால் மூன்று மாதத்தில் நூற்றுக்கு எழுபது பேர் இறப்பார்கள். 9க்குக் கீழே என்றால் இரண்டு பேர். பெண்களை அது ஏமாற்றியது பிற்பாடுதான் தெரிந்தது. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினின் இயல்பிலேயே குறைவு. சிறுநீரகம் கெட்டாலும் எண் நல்ல எண்ணாகவே இருக்கும். இப்போதைய மெல்ட் 3.0இல் பெண் என்றால் 1.33 சேர்த்துக்கொள்கிறார்கள். இருபது வருஷம் பின்னால் நின்றவர்களுக்கு அந்த 1.33 புள்ளி இப்போது எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

கீழாநெல்லியைச் சொல்லாமல் காமாலையைப் பற்றி நம் ஊரில் பேச முடியாது. மோரில் அரைத்துக் குடித்தேன், மூன்றே வாரத்தில் போய்விட்டது என்பார்கள். பொய்யில்லை, போயிருக்கும். சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே வடிந்துவிடும். என்ன குடித்தாலும் பலிக்கும், ஒன்றும் குடிக்காவிட்டாலும் பலிக்கும். 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் கீழாநெல்லியை முறையாகவே சோதித்தார்கள். முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு ஊர்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தானாக ஆறுகிற காமாலை எது, ஆறாத காமாலை எது என்று முதலில் பிரிக்காவிட்டால் எந்த மருந்தைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பிரிவினை குழந்தைகளில் உயிர்போகிற விஷயம்.

மூன்றாவது நோய் என்று சொன்னேனே, அது இது. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே ஈரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் அடைத்துத் தூர்ந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் சகஜம், காலை வெயிலில் காட்டு என்பது எல்லா வீட்டிலும் சொல்வது. பெரும்பாலும் சரிதான். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் வெயில் உதவாது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். வெளுப்பு என்றால் பித்தம் குடலுக்கு வரவில்லை. ஜப்பானின் செண்டாயில் மோரியோ கசாய் 1950களில் ஒரு அறுவை முறை கண்டார்: தூர்ந்த நாளத்தை எடுத்துவிட்டுக் குடலையே இழுத்து ஈரலின் வாயில் தைப்பது. ஊரில் மதகு போனால் வாய்க்காலை நேரே ஆற்றங்கரைக்கு வெட்டி இணைப்பது மாதிரி. இங்கே பலனைச் சொல்லும் எண்கள் இரண்டு. குழந்தை பிறந்து அறுபது நாளுக்குள் செய்தார்களா? செய்த மூன்று மாதத்தில் பிலிரூபின் 2க்குக் கீழே வந்ததா? வந்துவிட்டால் அந்தக் குழந்தை தன் ஈரலோடேயே பல வருஷம் வளர நல்ல வாய்ப்பு. தைவானில் 2004இலிருந்து பிறந்த ஒவ்வொரு குழந்தையின் தாய்க்கும் ஒரு வண்ண அட்டை கொடுக்கிறார்கள், மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க. ரத்தமும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம். முன்கணிப்பில் இவ்வளவு மலிவான கருவி வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கசாய் அறுவை பலிக்காதவர்களுக்கு மாற்று ஈரல். 1963இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகிலேயே முதன்முறையாக ஈரல் மாற்றியது இந்த நோய் வந்த மூன்று வயதுக் குழந்தைக்குத்தான், அது பிழைக்கவில்லை. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில், இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் ஈரல் மாற்று அறுவையும் இதே நோய்க்குத்தான். காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுபோன, இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தைக்கு அப்பா தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது டாக்டர். பியூ கணக்குப் போட்ட அதே கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், 1997இல் பிறந்து ஐந்தே நாளான ஒரு குழந்தைக்கு ஈரல் மாற்றியவர் முகமது ரேலா. மயிலாடுதுறை பக்கம் கிளியனூர்க்காரர்.

பெரியம்மாவுக்கு உர்சோ என்ற மாத்திரை கொடுத்தார்கள். உர்சஸ் என்றால் லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் மிகுதியாக இருக்கும் ஒரு மென்மையான பித்த அமிலம் அது. இப்போது ஆலையில் செய்கிறார்கள். இந்த மருந்து வந்த பிறகு மேயோவின் பழைய கணக்கு கொஞ்சம் பயங்காட்டும் கணக்காகிவிட்டது, ஏனென்றால் அது மருந்தில்லாத காலத்து மனிதர்களிடம் எடுத்தது. 2015இல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து குளோப் என்ற புது மதிப்பெண் வந்தது. அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்த அன்றே போடுவதில்லை. ஒரு வருஷம் மருந்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு ரத்தம் எடுத்துப் போடுகிறார்கள். உரம் போட்ட மறுநாளே யாரும் பயிரைப் பார்த்து விளைச்சல் சொல்வதில்லை, பச்சை கட்டுகிறதா என்று பார்த்துத்தான் சொல்வார்கள். அந்த நாலாயிரம் பேரும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். நம் பெண்களுக்கு அதே எடைகள் பொருந்துமா என்பதை நம் மருத்துவமனைக் குறிப்பேடுகள்தான் சொல்ல வேண்டும். மேயோவில் போல யாராவது உட்கார்ந்து வருஷக்கணக்காக எழுதிவைத்தால்.

ஒரு வருஷம் கழித்துத் தஞ்சாவூருக்கு நானும் கூடப் போனேன். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 412 இருந்தது 170க்கு இறங்கியிருந்தது. பிலிரூபின் 0.8. ஆல்புமின், தட்டணுக்கள் எல்லாம் சரி. டாக்டர் கணினியில் வயதோடு சேர்த்து ஐந்து எண்களையும் போட்டு, திரையில் வந்ததைப் படித்துவிட்டு, "அம்மா, ரொம்ப நல்லா இருக்கு. உங்க வயசுல மத்தவங்க எப்படியோ அப்படித்தான் நீங்களும்" என்றார்.

பெரியம்மா பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினார். எண்களுக்குப் பக்கத்தில், விளிம்பில் பென்சிலால் எழுதியிருந்தது: 'ராத்ரி 2 மணி வரை.' அடுத்த மாதச் சீட்டில்: '3 மணி.' இந்த மதிப்பெண்கள் எதிலும் அரிப்புக்குக் கட்டம் கிடையாது. அரிப்புக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமும் கிடையாது. ஈரல் நன்றாக இருப்பவருக்கு உயிர்போக அரிக்கும், ஈரல் முற்றிப் போனவருக்கு நின்றும்விடும். டாக்டர் கணினியை விட்டுத் திரும்பி, அந்தப் பென்சில் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொலஸ்டிரமின் என்ற பொடி ஒன்றை எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அது உர்சோவையும் பிடித்து இழுத்துவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்றார்.

பெரியம்மா வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். கேட் மூடுகிற மணியை வைத்தே நேரம் சொல்வார். இப்போது பொடிக்கு ஒரு கேட், மாத்திரைக்கு ஒரு கேட் என்று பிரித்து வைத்திருக்கிறார். நெல் ஏற்றின கூட்ஸ் குறுக்கே நின்று கேட் திறக்காத நாளில் மட்டும் என்னைக் கூப்பிட்டு மணி கேட்பார்.